யாரும் சாகாத காலனி

“உங்க காலனியில அறுநூத்தி நாப்பது வீடு இருக்கும்மா. பத்து வருசத்துல அறுபது வயசு தாண்டினவங்க ஒன்பது பேர்தான் இறந்திருக்காங்க. அங்க யாரும் சாகறதே இல்லையா?”

திட்டப் பிரிவு அதிகாரி வினிதா இதைக் கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. மேசையில் விரித்திருந்த வரைபடத்தில் ஓசூரை ஒட்டிய ஃபவுண்ட்ரி காலனி இருந்த இடம் இளம்பச்சையாக இருந்தது. பச்சை என்றால் இளவயதுக்காரர்கள் அதிகம். மத்தூர், சாமல்பட்டிப் பக்கமெல்லாம் அடர்சிவப்பு. அங்கே பிள்ளைகள் ஓசூர் கம்பெனிகளுக்கு வந்துவிட்டார்கள், பெற்றவர்கள்தான் மிச்சம். முதியவர்களுக்கென்று மாவட்டத்தில் நான்கு அரசு மருத்துவமனைகள் வரப்போகின்றன. அவை எங்கெங்கே என்பதை, அடுத்த இருபத்தைந்து வருடத்துக்கும் சேர்த்து, அந்த வரைபடம்தான் முடிவு செய்யும்.

“நானூறு பேருக்குக் குறையாம இருக்கோம் மேடம்,” என்றாள் சரஸ்வதி. “எனக்கே அறுபத்தொண்ணு. எங்க வீட்டுக்காரருக்கு அறுபத்தஞ்சு. அவருக்கு இதயம் முப்பது சதவீதம்தான் வேலை செய்யுதுன்னு சொல்லிட்டாங்க.”

“உங்க ரேஷன் கார்டு எங்க இருக்கு?”

கார்டு அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்து முகவரியில் இருந்தது.

“உயிரோட இருக்கறவங்க கார்டு எங்க இருக்கு, இறந்தவங்க எங்க இறந்ததா பதிவாயிருக்கு. எங்களுக்கு இந்த ரெண்டு கணக்குதாம்மா. அறுபது தாண்டினவங்க கார்டு அங்க முப்பத்தெட்டுதான் இருக்கு. ரெண்டு கணக்குலயும் நீங்க இல்ல.” வினிதா கொஞ்சம் யோசித்தாள். “அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் ஆட்சேபணை வாங்குவோம். கார்டை இங்க மாத்த மனு போட்ட ரசீது இருந்தாக்கூடப் போதும், ஆளு இங்கதான் இருக்காங்கன்னு எடுத்துக்குவேன். இருநூறு ரசீது கொண்டு வாங்க. அப்புறம் இந்தப் பச்சையை நானே மாத்தறேன்.”

இருநூறு ரசீது, பதினோரு நாள். பஸ்ஸில் திரும்பும்போது சரஸ்வதிக்கு அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. கணவர் மூர்த்தி ஒரு வார்த்தை சொன்னால் இரண்டே நாளில் நடந்துவிடும். அவர் சொல்வாரா என்பதுதான்.

காலனியில் வயதானவர்கள் சாகாததற்குக் காரணமே அவர்தான்.

எண்பத்தாறில் இரும்பு வார்ப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, தென்மாவட்டங்களிலிருந்து ஆள் ஆளாக அழைத்து வந்து, காலனி முளைத்தபோது நலச்சங்கத்துக்குச் செயலாளராகி, கடைசிவரை செயலாளராகவே இருந்தவர் மூர்த்தி. பிழைக்க வந்த இடம் பிழைக்கத்தான், முடியும்போது ஊருக்குப் போய்விட வேண்டும் என்பது அவர் கட்சி. அவர்கள் ஊரில் கோயில் வரிக்குக் குடும்பத்துக்கு ஒன்றாகத் தலைக்கட்டு எழுதுவார்கள். ரேஷன் கார்டு ஊர் முகவரியில் இருந்தால்தான் தலைக்கட்டு. தலைக்கட்டு இருந்தால்தான் சாவுக்கு ஊர் கூடும், சுடுகாட்டில் இடம் உண்டு. அக்கம்பக்கத்து ஊர்களிலும் கிட்டத்தட்ட இதே வழக்கம். அதனால் கார்டை மாற்றாதீர்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் முப்பத்தெட்டு வருடமாகச் சொல்லி வைத்திருந்தார்.

காலனியில் யாருக்காவது ரொம்ப முடியாமல் போனால் முதலில் மூர்த்திக்குத்தான் ஆள் வரும். அவர் போய் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார். சில்லென்று இருந்தால், “கெளம்பிரலாம்ப்பா,” என்பார். காலனி முக்கில் குடியிருக்கும் டிரைவர் மணியின் வேன் வந்து நிற்கும். பின் சீட்டுகளைக் கழற்றி மெத்தை போட்டு ஆளைப் படுக்க வைத்து, பக்கத்தில் ஈரப் பஞ்சோடு ஒருவர் உட்கார்ந்துகொள்ள, ஆறு மணி நேரத்தில் ஊர். வழியில் உயிர் போனாலும் ஊர் வாசலில்தான் போனது என்று வேனில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். பதிவும் அப்படியே ஆகும். இப்படி எழுபத்து மூன்று பேர் போயிருந்தார்கள். எண்ணி வைத்தது மணி.

மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த மூர்த்தி, அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மூச்சு வாங்கச் சிரித்தார்.

“பரவால்லயே. சாவே இல்லாத ஊரு. வாடகையை ஏத்திரலாம்.”

“சிரிக்காதீங்க. போன தடவை ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ரயில்வே கேட்டு போட்டுட்டான், லாரி நிக்குது, கம்பெனி பஸ்ஸு நிக்குது. டாக்டர் என்ன சொன்னாரு? இன்னும் பத்து நிமிசம் ஆயிருந்தா இல்லைன்னாரு.”

“நீ இன்னைக்கு மனு குடுத்து, அவன் இடம் பாத்து, கட்டி முடிக்க அஞ்சு வருசம். நான் அதுல படுக்கவா போறேன்?”

“நான் படுப்பேன். சரோஜாக்கா படுப்பா. நம்ம கையெழுத்து முதல்ல இருந்தா எல்லாரும் போட்டுருவாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“முப்பத்தெட்டு வருசம் மாத்தாதீங்கடான்னு சொன்னவன், இன்னைக்கு நானே மாத்துனா மூஞ்சியில துப்ப மாட்டானுகளா?” மூச்சு நின்று வந்தது. “பாப்போம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் கெடக்குல்ல.”

மறுநாளிலிருந்து அவள் வீடு வீடாகப் போனாள். எல்லாரும் மரியாதையாக உட்கார வைத்தார்கள், காப்பி கொடுத்தார்கள். மருத்துவமனை வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. கார்டு என்றதும் வீட்டுக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

“அண்ணன் போட்டுட்டாருல்ல?” என்று சரோஜம்மாள் நேராகவே கேட்டாள்.

“போடுவாரு.”

“போடட்டும், நானும் போடுறேன். இல்லாட்டி என் பேரை அங்க அடிச்சிருவானுக சரசு. எங்க வீட்டுக்காரரு அங்க வெந்தாரு. நான் மட்டும் இங்க, யாருன்னு தெரியாதவன் தூக்கிட்டுப் போயி வேகணுமா?”

சரஸ்வதி எழுந்து வந்துவிட்டாள். சரோஜம்மாளின் கணவர் பெருமாள்சாமி நான்கு வருடங்களுக்கு முன்னால் திடீரென்று நினைவு தப்பி, சம்பந்தமில்லாமல் பேசி, ஆளை அடையாளம் தெரியாமல் கிடந்தார். மூர்த்தி போய்ப் பார்த்தார். வேன் கிளம்பிற்று. நாமக்கல் தாண்டி உயிர் போயிற்று. போன மாதம் மருத்துவமனையில் மூர்த்திக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவரை அதே மாதிரி பிதற்றலோடு கொண்டு வந்து போட்டார்கள். உடம்பில் உப்பு குறைந்துவிட்டது என்று சொல்லி பாட்டில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் அவர் எழுந்து உட்கார்ந்து, இட்லிக்கு ஏன் சட்னி இல்லை என்று நர்ஸிடம் சண்டை பிடித்தார். அன்றைக்கு முழுதும் சரஸ்வதிக்குச் சோறு இறங்கவில்லை. மூர்த்தி அப்போது மயக்கத்தில் இருந்தார். சரோஜம்மாளிடம் இதை எப்படிச் சொல்வது?

காலனிக்குப் பின்புறச் சந்தில் இருந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், இவர்களிடம் தமிழ். நாராயணம்மா அந்தச் சந்தில்தான் இருந்தாள். கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை. சரஸ்வதி வீட்டு மாற்றுச் சாவி அவளிடம்தான் இருக்கும். காகிதத்தைப் பார்த்து அவள் சிரித்தாள்.

“எங்க கார்டெல்லாம் எப்பவும் இங்கதானுங்க்கா. இங்க கார்டு இருக்கற அந்த முப்பத்தெட்டுப் பேர்ல எங்கம்மா ஒண்ணு, எங்க மாமா ஒண்ணு. நீங்கெல்லாம் சாவக்கூட ஊருக்குப் போறவங்க. உங்களுக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரி?”

“ஏன் நாராயணம்மா, நீயுமா?”

“கோவத்துல சொல்லலீங்க்கா. நீங்க நானூறு பேரு கணக்குல இல்லாததால எங்க முப்பத்தெட்டுக்கும் இல்லாம போகுது. அதத்தான் சொன்னேன். குடுங்க, எங்க சந்துல எங்கயாவது கையெழுத்து வேணும்னா நான் வாங்கியாறேன்.”

புதன்கிழமை சாயங்காலம் ரசீது முப்பத்தொன்று ஆகியிருந்தது. பெரும்பாலும் புதிதாகக் குடிவந்தவர்களின் பெற்றோர். பழைய ஆட்கள் ஒருவர் விடாமல் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: அண்ணன் போடட்டும்.

அவள் மனுவையும் பேனாவையும் மூர்த்தியின் மடியில் வைத்தாள். கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன.

“நாளைக்கு ஒரு நாள்தாங்க இருக்கு.”

“சரசு, நாம அங்க போய்ப் படுக்க வேண்டியவங்க. எங்கப்பா, தாத்தா எல்லாம் அங்கதான்.”

“உங்க அப்பா தாத்தா. நான் அந்த ஊர்ல கல்யாணம் ஆன புதுசுல பதினோரு நாள் இருந்தேன். அப்புறம் நல்லது கெட்டதுக்கு வந்துட்டுப் போனேன். எனக்கு அங்க யாரு?”

அவர் பேனாவைத் தொடவில்லை. அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். பிறகு எத்தனையோ நாள், சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று நினைத்து நினைத்து மருகியிருக்கிறாள்.

“பெருமாள்சாமி அண்ணனுக்கு உப்புதாங்க குறைஞ்சிருந்துச்சு. ரெண்டு பாட்டில் ஏத்தியிருந்தா எந்திரிச்சு உக்காந்திருப்பாரு. நீங்க காலைத் தொட்டுப் பாத்துட்டு வேனை வரச் சொன்னீங்க.”

மூர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேர் என்று உதடு மட்டும் அசைந்தது போலிருந்தது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரவு சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. உட்கார வைத்தாலும் நிற்கவில்லை. வாயோரம் நுரை தள்ளியது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள், கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். அதற்குள் சரோஜம்மாள் கூப்பிட்டு மணியின் வேன் வாசலுக்கு வந்துவிட்டது. சீட்டுகள் கழற்றி மெத்தை போட்டுத் தயாராக இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆண்கள் நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள். சரோஜம்மாள் பஞ்சை நனைத்துக் கிண்ணத்தோடு சரஸ்வதியின் கையில் கொடுத்தாள்.

“ஊருக்குத்தான?” என்றார் மூர்த்தி.

“ஆமாங்க,” என்றாள் சரஸ்வதி.

மெயின் ரோட்டில் இடதுபுறம் திரும்பினால் கிருஷ்ணகிரி, சேலம், ஊர். வலதுபுறம் கேட், அதைத் தாண்டி மருத்துவமனை. மணி வண்டியை மெதுவாக்கிக் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

“எந்தப் பக்கங்க்கா?”

அவள் வலது கையைக் காட்டினாள். வேன் திரும்பியதை மூர்த்தி உடம்பால் உணர்ந்துகொண்டார். முப்பத்தெட்டு வருடம் போய்வந்த ரோடு. அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

“ஏமாத்திட்டியே சரசு.”

“பத்து நிமிசங்க. பத்தே நிமிசம். பேசாதீங்க.”

முன்னால் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு முன்னால் இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர்கள். அதற்கும் முன்னால் மூடிய கேட். மணி ஹாரனை அழுத்தியபடி எதிர்த்தடத்தில் ஏறிக் கேட்டுக் கம்பி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினான். இறங்கி ஓடிக் கேட் காவலாளியிடம் கையெடுத்துக் கும்பிட்டான். சரக்கு ரயில் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஆம்புலன்ஸின் விளக்கு சுழல்வது பெட்டிகளின் இடைவெளியில் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. பக்கத்துப் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் காதிலிருந்து வயரைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். அதைப் பார்த்துத்தான் சரஸ்வதி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

ரயில் இன்னும் முடியவில்லை.

கேட் திறந்து ஆம்புலன்ஸ்காரர்கள் ஓடிவந்தார்கள். மார்பில் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டு வந்தால் டாக்டர் பார்த்து எழுதிக் கொடுப்பார் என்றார்கள். மணி அவர்களைத் தள்ளி நிறுத்திவிட்டு அவளிடம் வந்தான்.

“அக்கா. அங்க போனா அங்கயே பதிவாயிரும். எப்பவும் போல நேரா ஊருக்கு ஓட்டிரட்டுங்களா? சாயங்காலத்துக்குள்ள எறக்கிரலாம். இல்ல, இங்கதான்னாலும் சரிங்க. நீங்க சொல்லுங்க.”

மருத்துவமனைக்குப் போனால், இந்தக் காலனியில் இறந்தவர்கள் பத்து. ஒரு சாவு. இருநூறு ரசீதுக்கு அது ஈடாகாது. ஆனாலும் உண்மை. இதெல்லாம் அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. அவர் விரல்கள் அவள் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. ஒரு தடவை ஏமாற்றியாகிவிட்டது.

“திருப்பு மணி,” என்றாள்.

ஓமலூர் டோல்கேட்டில் நின்றபோது நாராயணம்மாவுக்குப் போன் செய்தாள். செய்தி அதற்குள் போயிருந்தது, எடுத்ததும் அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, அடுப்படி அலமாரியில் ரசீதுகள் போட்ட நீலக் கவர் இருக்கிறது, நாளை ஐந்து மணிக்குள் கிருஷ்ணகிரியில் வினிதா மேடம் கையில் சேர வேண்டும் என்றாள். சொந்தக் குரலே யாரோ கடையில் சாமான் சொல்வது மாதிரிக் கேட்டது.

ஊர் வாசலில் வேன் நின்றதும், யாரும் கேட்பதற்கு முன்பே மணி இறங்கிச் சொன்னான்: “இப்பத்தாங்க, தெருவுக்குள்ள திரும்பறப்பத்தான் போச்சு.” அவனுக்குப் பழகிய வாக்கியம்.

ஊர் கூடியது. மூர்த்தி சொன்னதெல்லாம் உண்மைதான். இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள், அவளுக்கு முகம் தெரியாத பெண்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். புனேயிலிருந்து மகள் சுசித்ரா வருவதற்காகக் காத்திருந்து வெள்ளிக்கிழமை காலையில் எடுத்தார்கள். மத்தியானம் கொழுந்தன் மோகன்குமார் ஒரு படிவத்தோடு வந்தான்.

“மதினி, இதுல ஒரு கையெழுத்து. இறந்த இடம் வீடுன்னு எழுதியிருக்கேன்.”

“வீட்ல இல்ல தம்பி. கேட்டுல.”

“அது தெரியுது மதினி. அப்படி எழுதுனா அங்கயில்ல அலையணும். யாருக்கு என்ன லாபம்?”

அவள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. மோகன்குமார் தகவல் கொடுத்தவர் என்று தன் பெயரையே போட்டுக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. எல்லாரும் செய்வதைச் செய்தான்.

ஐந்தரை மணிக்கு நாராயணம்மா கூப்பிட்டாள்.

“குடுத்துட்டேனுங்க்கா, சீல் போட்டு வாங்கியிருக்கேன். நேத்து உங்க வாசல்ல எல்லாரும் கூடி நின்னாங்கல்ல, ஆள் இருக்கறப்பவே கேட்டுருவோம்னு கேட்டேன்.”

“போட்டாங்களா?”

“சாவு வீட்ல வந்து இதக் கேக்கறியேன்னு திட்டுனாங்க. ரெண்டு பேரு மட்டும் போட்டாங்க.” கொஞ்சம் தயங்கினாள். “சரோஜம்மா போடலீங்க. அண்ணனே ஊருக்குத்தானே போனாருன்னு சொல்லிடுச்சு.”

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வினிதாவிடமிருந்து போன் வந்தது. இறுதிப் பட்டியல் போய்விட்டது, காலனிக்கு இல்லை. முப்பத்து மூன்று ரசீதை வைத்துத் தான் எழுதிப் பார்த்ததாகச் சொன்னாள். “நாலு இடமும் நிஜமாவே தேவை இருக்கற இடம்தான்ம்மா. அதையும் என்னால தப்புன்னு சொல்ல முடியல. அஞ்சு வருசம் கழிச்சு மறுபடி எண்ணுவாங்க.”

“அஞ்சு வருசமா?”

“ஆமாம்மா. நீங்க இப்ப எங்க இருக்கீங்க?”

சரஸ்வதி சுற்றிப் பார்த்தாள். “ஊர்ல,” என்றாள்.

அன்று சாயங்காலம் வரிக்கணக்குப் பார்க்கும் பெரியவர் நோட்டோடு வந்தார். சாவு விழுந்த வீட்டில் பதினாறு கழிந்ததும் பேர் மாற்றுவது வழக்கம். மூர்த்தி பெயரின் மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டார்.

“ஆம்பளைப் புள்ள இல்லைல்ல? அப்ப தாயிக்கு அரை வரி. அரைத் தலைக்கட்டு.”

“அரைன்னா?” என்றாள் சரஸ்வதி.

“புருசன் இல்லாத பொம்பளைக்கு அரைதாம்மா. சலுகைதான். சாவுக்கு வருவோம், சுடுகாடு உண்டு. கூட்டத்துல பேச்சு கெடையாது. அம்புட்டுத்தான்.”

அவள் அந்த நோட்டைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடம் அடைகாத்தது இந்த அரைக்காகத்தானா என்று நினைத்தபோது அழுகை வரவில்லை.

“அதையும் அடிச்சிருங்க,” என்றாள்.

மோகன்குமார் பதறிவிட்டான். “மதினி, என்ன பேச்சு இது? அடிச்சா திரும்ப ஏத்த மாட்டாங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா இங்கருந்து ஒரு ஆளு வராது.”

“வர வேணாம் தம்பி. ரேஷன் கார்டுலயும் என் பேரை எடுக்கணும். அதுக்கு எங்க எழுதிக் குடுக்கணும்னு மட்டும் சொல்லு.”

“அண்ணன் இருந்தா இப்படிப் பேசுவீங்களா?”

“அவர் இருக்கறப்பவே பேசியிருக்கணும். முப்பது வருசத்துக்கு முன்னாடி.”

பெரியவர் சுசித்ராவைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அளவுகோல் மறுபடியும் நோட்டின் மேல் இறங்கியது.

மறுநாள் மகளை மதுரையில் ரயிலேற்றிவிட்டு அவள் ஓசூர் பஸ்ஸில் தனியாக ஏறினாள். பகல் வெயில் ஜன்னலில் அடித்தது. அஞ்சு வருசம் என்பது எவ்வளவு என்று அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. காலனியின் முதல் தெருவிலிருந்து, எந்த வீட்டில் யாருக்கு என்ன வயது, யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாருக்குக் கால் வீங்குகிறது, அஞ்சு வருடத்துக்குள் மணியின் வேன் எந்தெந்த வாசலில் நிற்கும் என்று வீடு வீடாக நினைத்துக்கொண்டே வந்தாள். நினைப்பில் மூன்றாம் தெருவில் சரோஜம்மாள் வீடு வந்ததும் அதற்குமேல் முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.